திருகோணமலைக் குடாவும் வாடைக்காலப் பறவைகளும்

திருகோணமலை என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் முதலில் எழுவது கோணேசர் மலை. அடுத்து எழுவது துறைமுகம். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இது என்பதைச் சிறு பிள்ளைகளும் பாடமாகச் சொல்வர். குடாவின் வாயிலை அடுத்துத் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு மூவாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திற்கு இறங்குகின்றது. அந்த ஆழத்தின் பொருட்டே பல நாட்டார் இங்கே வந்தனர், போரிட்டனர், கோட்டை கட்டினர். நம் ஊரின் வரலாறாக நூல்கள் கூறுவதும் பெரும்பாலும் அந்த ஆழத்தின் வரலாறே ஆகும். இன்று யான் சொல்ல எடுத்துக்கொண்டது அதே குடாவின் ஆழமற்ற பகுதிகளைப் பற்றியது. கப்பல் அணுக இயலாத அந்தச் சேற்றுக் கரைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அங்கும் ஆண்டுதோறும் வருவோர் உளர். அவர்கள் பறவைகள்.

கப்பல்கள் இக்குடாவை நாடி வந்ததற்குக் காரணம் யாதென முதலில் நோக்குவோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக்காற்று எழும்போது வங்கக் கடல் கொந்தளிக்கும். சோழமண்டலக் கரையிலே அக்காலத்துப் பாய்க்கப்பல்கள் ஒதுங்கி நிற்கத்தக்க நல்ல துறை இல்லை. 1659ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல், அதனைச் செப்பனிடும் நோக்கோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்து சேர்ந்தது. அதில் வந்த இளைஞரே றொபேட் நொக்ஸ். 1660இல் மூதூர்ப் பக்கத்தில் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்ட அவர், பத்தொன்பது ஆண்டுகள் கழித்துத் தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் இந்நாட்டுப் பறவைகளைப் பற்றியும் எழுதினார்.

1782ஆம் ஆண்டில் இத்துறைமுகம் ஓராண்டுக்குள் இருமுறை கைமாறிற்று. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆகத்து இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சபிரேன் அதனைப் பறித்துக்கொண்டார். துறைமுகத்தை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸ், அவ்வாண்டு ஒக்டோபரில் வாடை எழுந்தபோது சென்னைக் கரையில் நிற்கமாட்டாமல் பம்பாய் வரை கப்பல்களைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும், 1957இல் கடற்படைத் தளம் நம் நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டதும் பலர் அறிந்தவை. இவ்வரலாற்றை ஊன்றி நோக்கினால், அதன் பெரும்பகுதியை நடத்தியது வாடைக்காற்று என்பது புலனாகும்.

அதே வாடைக்காற்றின் காலத்திலேதான் பறவைகளும் வருகின்றன. வட ஆசியாவின் குளிர் மிகும்போது, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், இலட்சக்கணக்கான நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சைபீரியாவின் பனிவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்த உள்ளான் வகைகள் இமயத்தையும் இந்திய நாட்டையும் கடந்து இலங்கையை அடைகின்றன. அவற்றின் வழியில் நம் தீவே கடைசி நிலம். இதற்குத் தெற்கே தென்துருவம் வரை இறங்கி நிற்க மண் இல்லை. மன்னார்ப் பகுதியில் ஒரு கடற்காகத்தின் உடலில் சிறு கருவி பொருத்தி அதன் வழியை ஆராய்ந்த அறிஞர், 2021ஆம் ஆண்டில் அது உருசியாவின் வடகோடியில் உள்ள யமால் தீபகற்பம் வரை சென்றதைக் கண்டறிந்தனர். பங்குனி, சித்திரை மாதங்களில் பெரும்பாலான பறவைகள் திரும்பிவிடுகின்றன. மசூலிப்பட்டினத்துக் கப்பல் ஒதுங்க இடம் தேடிய அதே பருவத்தில், அதே குடாவில், இவையும் ஒதுங்க இடம் தேடின.

நேயர்களே, இத்தொடர்பை யான் நூலில் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மாணாக்கனே எனக்கு இதனை உணர்த்தினான். அந்நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பாடசாலை மாணாக்கரைக் கல்விச் சுற்றுலாவாகக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். ஜயவர்தனபுரக் கோட்டையில் உள்ள பெத்தகான ஈரநிலப் பூங்காவையும் பார்த்தோம். சதுப்பின் மேல் மரப்பலகையால் நடைபாதை அமைத்து, பறவைகளைக் காண உயர்ந்த கோபுரம் ஒன்றும் கட்டியிருந்தனர். பிள்ளைகள் சீட்டு வாங்கி உள்ளே சென்று, குரலைத் தாழ்த்தி, நீர்க்காகம் சிறகுலர்த்துவதையும் தாழைக்கோழி தண்டு கொத்துவதையும் கண்டு வியந்தனர். திரும்பும் வழியில், கிண்ணியாப் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணாக்கன் என்னருகில் வந்து இருந்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பில் வாய் திறவாதவன்.

“சேர், அங்கே சீட்டு வாங்கிப் பார்த்த குருவியள் எங்கட களப்பிலும் நிற்குது. இன்னும் கனக்க நிற்குது. அதை ஏன் ஒருத்தரும் பார்க்கப் போறதில்லை?” என்று கேட்டான்.

யான் மறுமொழி சொல்ல இயலாமல் இருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வரலாறு கற்பித்தவன் யான். சபிரேன் எந்த மாதத்தில் வந்தார் என்பதை உறக்கத்திலும் சொல்வேன். எம் களப்பில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகின்றது என்பதை அறியேன்.

அடுத்த கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது, இருபது பிள்ளைகளோடு கிண்ணியாப் பாலத்தடிக்குச் சென்றேன். 2009இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் நின்றால் ஒருபுறம் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கும். மறுபுறம் தம்பலகாமக் குடா அமைதியாகத் தோன்றும். முன்னது கப்பலுக்கு உரியது. பின்னது முழங்கால் அளவு நீரில் ஆள் நடந்து வலை வீசத்தக்க இடங்கள் பலவற்றைக் கொண்டது. எங்களிடம் இருந்தது ஓர் இருகண் தொலைநோக்கி மட்டுமே. அதனை ஆளுக்குச் சிறிது நேரமாகக் கைமாற்றிக்கொண்டோம். ஆனால் அம்மாணாக்கனுக்கு அது வேண்டியிருக்கவில்லை. வெறுங்கண்ணால் பார்த்தே பெயர் சொன்னான்.

“அந்தா கூட்டமாய்த் திரும்புது பாருங்கோ, அது உள்ளான். வாடை விழ வரும். கச்சான் தொடங்க முதல் போயிடும். ஆலா ஒரே இடத்தில் விழுந்தெழும்பினால் கீழே மீன்கூட்டம் நிற்குது என்று எங்கட அப்பப்பா வலை எடுப்பார். ஆட்காட்டி கத்தினால் ஆரோ வாறாங்கள் என்று அர்த்தம்.”

காற்றையும் மீனையும் மாதத்தையும் பறவையையும் ஒன்றாகப் பிணைத்த இவ்வறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. அவனுடைய அப்பப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. அவர் அறிந்தவற்றுள் பேரனிடம் எஞ்சியது எத்தனை, அவரோடு மறைந்தது எத்தனை என்று எண்ணியபோது மனம் கனத்தது.

இனி, பறவைகள் இந்த ஆழமற்ற நீரை ஏன் நாடுகின்றன என்பதை நோக்குவோம். கொக்கும் நாரையும் நின்று இரை தேடுவன; அவற்றின் காலின் உயரமே அவற்றிற்கு உகந்த நீரின் எல்லை. உள்ளான் வகைகள் ஈரச் சேற்றில் அலகைச் செலுத்திப் புழுவையும் சிறு நத்தையையும் எடுப்பன. ஆழ்ந்த நீரில் இவற்றிற்கு வாழ்வில்லை. நம் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறிது. ஆகையால் களப்புகளின் நீர்மட்டத்தைப் பெரும்பாலும் மழையும் ஆற்று வெள்ளமுமே தீர்மானிக்கின்றன. வாடைமழையில் களப்பு நிறையும். மகாவலி மூதூரை அடுத்துக் கொட்டியாரக் குடாவில் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். தை பிறந்து மழை ஓய்ந்தபின் நீர் மெல்ல மெல்ல வற்ற, சேற்றுத் திட்டுகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். ஒவ்வொரு நாளும் புதிய விருந்து விரித்தாற்போல இரை கிடைக்கும். ஆகவே தை, மாசி மாதங்களே பறவை காண்பதற்கு ஏற்ற காலம். கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களிடையே இறாலும் மீன்குஞ்சும் வளர்வதால், பறவைக்கு நல்ல இடமே மீனவருக்கும் நல்ல இடமாக அமைகின்றது.

இப்பறவைகளை எழுத்தில் பதித்தோர் யாவர்? ஒல்லாந்தர் ஆட்சியில் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த லோட்டன் என்பவர், டி பெவர் என்னும் ஓவியரைக்கொண்டு இந்நாட்டுப் பறவைகளை வரைவித்தார். தேன்சிட்டு வகை ஒன்று இன்றும் லோட்டனின் பெயரால் வழங்குகின்றது. ஆங்கிலேயர் காலத்தில், இலங்கையிலேயே 1819இல் பிறந்த கெலாற் என்னும் இராணுவ மருத்துவர் 1852இல் இந்நாட்டு விலங்கினங்களைப் பற்றி நூல் வெளியிட்டார். அவர் திருகோணமலைக் கடலில் உயிரினங்களை ஆராய்ந்தவர். தம்பலகாமக் குடாவின் கண்ணாடிச் சிப்பியைப் பற்றியும் எழுதியவர். குடிசார் சேவையில் இருந்த லேயாட் 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பறவைகளைப் பற்றித் தொடர்கட்டுரைகள் வெளியிட்டார்.

இவர்கள் எல்லோரினும் பெரும் பணி செய்தவர் கப்டன் வின்சென்ற் லெக் ஆவர். தஸ்மேனியாவில் பிறந்து, பீரங்கிப் படையில் சேர்ந்து, 1870ஆம் ஆண்டுகளில் இலங்கையில் பணியாற்றியவர் அவர். திருகோணமலையிலும் இருந்தார். கடலை நோக்கிப் பீரங்கி வைத்துக் காப்பதே அவர் தொழில். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அவர் நடந்தது களப்போரங்களிலும் காட்டு வழிகளிலும். 1880இல் நிறைவுபெற்ற அவருடைய “இலங்கைப் பறவைகளின் வரலாறு” என்னும் பெருநூல் இன்றும் அறிஞர் கையாளும் நூலாகும். அதில் ஒரு சிறப்புண்டு. பறவைகளுக்கு இந்நாட்டு மக்கள் சிங்களத்திலும் தமிழிலும் வழங்கிய பெயர்களை அவர் கேட்டறிந்து குறித்துவைத்தார். யாரிடம் கேட்டிருப்பார்? வழிகாட்டிகளிடமும் வேட்டைக்காரரிடமும் மீனவரிடமுமே கேட்டிருத்தல் வேண்டும். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் சொன்ன சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்துக்குள் அகப்பட்டுப் பிழைத்துக்கொண்டன. நம் முன்னோரின் பறவையறிவிற் சிறு பகுதியை ஒரு பீரங்கிப் படையினரின் நூலில் நாம் தேடவேண்டியிருப்பது, நாம் எழுதத் தவறியதன் விளைவு.

எழுதுவதற்கும் காப்பதற்கும் உள்ள தொடர்பை இரண்டு இடங்களின் கதை விளக்கும். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் புறாத்தீவு இருக்கின்றது. மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டி வாழ்ந்தமையால் அப்பெயர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் அத்தீவு துப்பாக்கிப் பயிற்சிக்குரிய இலக்காகப் பயன்பட்டது. 1963இல் அது சரணாலயம் ஆயிற்று. 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

மற்றோர் இடம் தமிழ்நாட்டில் செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல். அங்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் படையினர் பறவைகளைச் சுட்டனர். ஆனால் அவ்வூர் உழவர் வாளாவிருக்கவில்லை. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் தம் பயிருக்கு உரமாவதை அவர்கள் தலைமுறைகளாக அறிந்தவர்கள். அவர்கள் சென்று முறையிட, ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வழங்கினார். 1936இல் அவ்வேரி அரசாங்கத்தின் சரணாலயமாக ஏற்கப்பட்டது. ஓரூரார் தம் அறிவைத் துணிந்து சொல்லி, அதனை எழுத்தாக்கியும் கொண்டனர். அந்த எழுத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றது.

இக்காலத்தில் உலக நாடுகளும் அத்தகைய ஓர் எழுத்தைச் செய்துகொண்டுள்ளன. ஈரான் நாட்டு ராம்சார் நகரில் 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் ஈரநிலங்களைக் காக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. ஈரநிலம் என்பதற்கு அவ்வுடன்படிக்கை கூறும் இலக்கணத்தை ஈண்டு கருதுதல் தகும். கடல்நீராயின், வற்றக் காலத்தில் ஆறு மீற்றருக்கு மேற்படாத ஆழமுடைய பகுதியும் ஈரநிலத்துள் அடங்கும். துறைமுகத்தை மதிப்பிடுவோர் ஆழம் மிகுதியா என்று கேட்பர். இவ்வுடன்படிக்கையோ ஆழம் குறைவா என்று கேட்கின்றது. நம் குடாவுக்கு இரண்டு வகையாலும் பெருமை உண்டு. ஒன்றையே நாம் பேசி வந்துள்ளோம்.

இலங்கை 1990இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. அவ்வாண்டிலேயே தெற்கேயுள்ள பூந்தல முதலாவது இடமாகப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் ஆனைவிழுந்தான், மாதுகங்கை, மன்னாரின் வங்காலை, குமண ஆகியவை சேர்ந்தன. 2013இல் வில்பத்துச் சேர்ந்தபோது எண்ணிக்கை ஆறாயிற்று. அவ்வாறனுள் திருகோணமலையின் களப்பு ஒன்றேனும் இல்லை. உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் நமக்குச் சில காவல்கள் உண்டு என்பதையும் சொல்லவேண்டும். துறைமுகத்தினுள்ளே கிடக்கும் சோபர் தீவுகள் 1963இலும், சேருவில அல்லைப் பகுதி 1970இலும் சரணாலயங்களாயின.

காவல் இல்லாத இடங்களின் நிலை என்ன? முப்பதாண்டுக்கு அண்மித்த போர்க்காலத்தில், 2009 வரை, பல கரைகளுக்கு மக்கள் செல்ல இயலவில்லை. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை மனிதரையும் கரையையும் ஒருசேரத் தாக்கியது. அமைதி வந்தபின் வீடும் வீதியும் விடுதியும் எழுந்தன. அவை வேண்டியனவே; இடம்பெயர்ந்து திரும்பியவருக்கு நிலம் வேண்டாமா? ஆயினும் களப்போரத்தில் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கும்போது, “வெறும் சேற்று நிலந்தானே” என்று சொல்லிவிடுகிறோம். அச்சொல்லை யானும் சொல்லியதுண்டு. வெறும் நிலம் என்பது நம் அறியாமைக்கு நாம் இட்ட பெயர். அங்கே எத்தனை பறவை எந்த மாதம் நின்றது என்று எழுதிய ஏடு இருந்தால், அந்நிலத்தை வெறுமை என்று சொல்ல நா எழாது. ஏடு இல்லையாயின், மேடாக்கியபின் இழந்தது யாதென்று சொல்லவும் ஆளிராது.

கிண்ணியாக் கரைக்குச் சென்று திரும்பிய பின்னர் எம் பாடசாலையில் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். பெரிய முயற்சி அன்று. நீளமான ஒரு கணக்குக் கொப்பிதான். அதில் ஐந்து நிரல்கள்: நாள், இடம், காற்று, பறவை, ஊரார் வழங்கும் பெயர். ஐந்தாவது நிரலை நிரப்புவதற்காகப் பிள்ளைகள் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்கின்றனர். தமிழ் வீட்டில் ஒரு பெயர், முஸ்லிம் வீட்டில் ஒரு பெயர், சிங்களக் கிராமத்துத் தோழன் வீட்டில் வேறொரு பெயர். மூன்றையும் ஒரே கோட்டில் எழுதுகின்றனர். கேட்டுவந்த மாணாக்கனே இப்போது அக்கொப்பிக்குப் பொறுப்பாளன். வகுப்பில் இப்போது வாய் திறக்கிறான்.

ஆங்கில நாட்டில் செவேர்ண் ஆற்றுக் கழிமுகத்தில் பீற்றர் ஸ்கொற் என்பார் 1946இல் நிறுவிய ஸ்லிம்பிரிட்ஜ் நிலையம், பறவைகளைப் பொதுமக்கள் அருகிருந்து காணும் வழியை உலகுக்குக் காட்டிற்று. ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரி மாதத்தில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர். நம் நாட்டிலும் 1943இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம் போன்றவை இத்துறையில் உழைத்துள்ளன. கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு காட்சிக் கோபுரமும் மரநடைபாதையும் அமைந்தால் நாம் மகிழ்வோம். ஆனால் அது எழும் வரை காத்திருக்கவேண்டியதில்லை. கரை இருக்கின்றது. தை மாதம் வருகின்றது. பார்ப்பதற்குக் கண்ணும், குறிப்பதற்கு ஒரு கொப்பியும், கேட்பதற்கு வீட்டில் ஒரு முதியவரும் இருந்தால் போதும்.

நேயர்களே, கொட்டியாரத்துக்கு வந்த கப்பல்களின் பெயர்களைப் பிற நாட்டார் தம் ஏடுகளில் எழுதிவைத்தனர். ஆகையால் அவை நமக்குக் கிடைத்தன. பறவைகள் வந்துபோனதை நம் பாட்டன்மார் பார்த்து, நெஞ்சில் வைத்து, தம்மோடு கொண்டு சென்றனர். இன்று மாலை உங்கள் வீட்டில் மூத்தவர் எவரேனும் இருப்பின், களப்பில் வந்திறங்கும் பறவைக்கு அவர் வழங்கும் பெயரைக் கேளுங்கள். கேட்டதை நாளிட்டு எழுதி வையுங்கள்.